இலிதியம்-7க்கு நான்கு விடைகள்: கல்லடி மாலை வகுப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

களுவாஞ்சிகுடியிலிருந்து வரும் பிள்ளை அந்த வாரம் இரண்டு வகுப்புக்கு வரவில்லை. பெரியம்மாவைப் பெட் ஸ்கேனுக்குக் கொழும்புப் பக்கம் கூட்டிப் போயிருந்தார்களாம். திரும்பி வந்தவள் கொப்பியைத் திறக்கும் முன்பே கேட்டாள்: "ஏன் சேர், ஊசி மருந்தைக் கொண்டுவந்து இஞ்சயே செய்ய ஏலாதா?"

நான் கல்லடியில் உயர்தர மாணவர் ஐந்து பேருக்கு மாலையில் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய், அது மூன்று வாரம் இழுபட்டு, ஒரு கணக்கில் நான்கு விதமான விடைகள் வந்து, கடைசியில் பழைய கல்லடிப் பாலம் வரை போய் முடிந்தது. அதை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். வகுப்பில் நாங்கள் கூப்பிடுவது போல ஊர்ப் பெயர் போதும்.

முதலில் அவளுடைய கேள்விக்கு வருவோம். அந்த ஊசியில் இருப்பது குளுக்கோசைப் போன்ற ஒரு பொருள். அதில் புளோரின்-18 என்ற கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானி ஒட்டப்பட்டிருக்கும். அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 110 நிமிடம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள். 420 நிமிடம், கிட்டத்தட்ட நான்கு அரைவாழ்வு. 100 பங்கு ஏற்றினால் கல்லடிக்கு வந்து சேர்வது 7 பங்கு. மீன் லொறிக்கு ஐஸ் போடலாம், இதற்கு என்ன போடுவது? ஐஸ் போட்டாலும் அது தன் பாட்டில் சிதைந்துகொண்டுதான் இருக்கும். போதாததற்கு, படம் பிடிக்கும் கருவியும் இங்கே வேண்டும்.

"அப்ப அந்த புளோரினை எப்பிடிச் செய்யிறது?" என்றான் காத்தான்குடிப் பையன். ஒட்சிசன்-18 செறிந்த தண்ணீரின் மேல் சைக்கிளோத்திரன் என்ற துணிக்கை முடுக்கியிலிருந்து வரும் புரோத்தன் கற்றையை அடிப்பார்கள். புரோத்தன் உள்ளே போகும், நியூத்திரன் வெளியே வரும். திணிவெண் 18 அப்படியே நிற்கும், அணுவெண் மட்டும் 8இலிருந்து 9 ஆகும். ஒட்சிசன் புளோரின் ஆகிவிட்டது.

"அடிச்சா வந்திடுமா?" இது வாழைச்சேனைப் பையன். நல்ல கேள்வி. எந்தச் சக்தியில் அடித்தாலும் வராது. இழிவாக எவ்வளவு வேண்டும் என்பதை, அதாவது எல்லைச் சக்தியை, கணக்கிட முடியும். ஒட்சிசனுக்கு முன்னால் கொஞ்சம் சின்னக் கருவை எடுப்போம் என்று சொல்லி இலிதியம்-7ஐக் கரும்பலகையில் எழுதினேன். புரோத்தன் பட்டு நியூத்திரன் வந்தால் மிஞ்சுவது பெரிலியம்-7. சக்திக்கு அலகு மெகா இலத்திரன்வோல்ற்று. இனி மெ.இ.வோ. என்றே எழுதுகிறேன்.

திணிவுகளை அணுத்திணிவு அலகில் ஏழு தசமதானம் வரை கொடுத்தேன்: இலிதியம்-7 7.0160034, பெரிலியம்-7 7.0169287, நியூத்திரன் 1.0086649. ஏழு தசமதானம் ஏன் என்று ஆரையம்பதிப் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். தாக்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மொத்தத் திணிவுகள், எட்டுக்குக் கிட்டிய அந்த இரண்டு எண்களைக் கழித்து 0.0017 அளவில் ஒன்று வரப் போகிறது. பெரிய எண்ணில் கடைசி இலக்கத்தை விட்டால் வித்தியாசத்தில் அதுவே உறுத்தும். ஆறு தசமதானத்தோடு நிறுத்தினால் அந்த வித்தியாசத்துக்கு நிகரான சக்தி 1.644 மெ.இ.வோ.வுக்குப் பதிலாக 1.645 என்று வந்துவிடும்.

புரோத்தனின் திணிவை மட்டும் நான் எழுதவில்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறது, பாருங்கள் என்று விட்டுவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நான்கு தாள்கள்

அடுத்த வகுப்பில் வந்த விடைகள்: 1.644, 2.155, 2.465, 1.880. ஐந்தாவது தாள் வெறுமை. அன்றைக்கு வீட்டில் கரண்ட் இல்லையாம், சரி.

சரியான விடை 1.880 மெ.இ.வோ. அதை எழுதியது வாழைச்சேனைப் பையன். நானாக எதையும் திருத்தாமல் நான்கையும் பலகையில் எழுதிவிட்டு, "ஆர் பிழை, ஏன் பிழை, நீங்களே சொல்லுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் சத்தம். 2.155 எழுதிய களுவாஞ்சிகுடிப் பிள்ளை கல்குலேட்டரை மூன்றாம் முறை தட்டினாள், அதே எண்தான் வந்தது. காத்தான்குடிப் பையன் அவளுடைய 2.155இலிருந்து தன்னுடைய 1.644ஐக் கழித்துப் பார்த்தான். "பொறுகா, பொறுகா" என்றான். 0.511. பேனாவை மேசையில் வைத்தான். "சேர், இது இலத்திரன்."

அதேதான். ஓர் இலத்திரனின் ஓய்வுத் திணிவுக்கு நிகரான சக்தி 0.511 மெ.இ.வோ. கருப் பௌதிகத்தோடு பழகியவர்களுக்கு இந்த எண் சொந்தத் தொலைபேசி இலக்கம் மாதிரி. எங்கே கண்டாலும் இலத்திரன் ஒன்று கணக்கில் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும்.

எங்கே விடுபட்டது? நான் கொடுத்த 7.0160034 இலிதியம் அணுவின் திணிவு, கருவின் திணிவு அல்ல. அதில் மூன்று இலத்திரன்கள் இருக்கின்றன. பெரிலியம் அணுவில் நான்கு. வலப்பக்கத்தில் நான்கு இலத்திரன், இடப்பக்கத்தில் மூன்று. அவள் புத்தகத்திலிருந்து எடுத்த 1.0072765 வெறும் புரோத்தனின் திணிவு. அதற்கு இலத்திரன் கிடையாது. புரோத்தனுக்குப் பதிலாக ஐதரசன் அணுவின் திணிவு 1.0078250ஐப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் நான்குக்கு நான்கு சமன்பட்டிருக்கும், விடை 1.644க்கு இறங்கியிருக்கும்.

இதில் பாதிக் குற்றம் என்னுடையது. அணுத்திணிவைக் கொடுத்துவிட்டுப் புரோத்தனைப் புத்தகத்தில் தேடு என்று விட்டால் அவள் வேறெதை எடுப்பாள்?

சரி, 1.644க்கும் 1.880க்கும் இடையில் என்ன? இங்கேதான் ஆரையம்பதிப் பிள்ளை பிடிவாதமாக நின்றாள். "திணிவு வித்தியாசத்துக்கு நிகரான சக்தியைக் குடுத்தாப் போதும்தானே சேர், மேலதிகமா ஏன் குடுக்க வேணும்?" கேள்வி நியாயமானது. கரம் போர்ட்டை நினைக்கச் சொன்னேன். நீ சுண்டிய ஸ்ரைக்கர் போய்க் காயில் படுகிறது. பட்ட பிறகு இரண்டும் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்குமா? நிற்காது. வந்த உந்தம் எங்கேயாவது போக வேண்டும். அதே போலப் புரோத்தன் உந்தத்தோடு வருகிறது, தாக்கம் முடிந்த பின் நியூத்திரனும் பெரிலியமும் அந்த உந்தத்தைச் சுமந்துகொண்டு முன்னே நகர்ந்தே ஆக வேண்டும். நகர்வதற்கு இயக்கசக்தி வேண்டும். அந்தப் பங்கு தாக்கத்துக்குச் செலவாகாது. எனவே 1.644ஐ ஏறக்குறைய எட்டின் கீழ் ஏழு என்ற விகிதத்தால் பெருக்க வேண்டும். திணிவுகளைச் சரியாகப் போட்டால் 1.880 வரும்.

அவள் கேட்டாள்: "அப்ப பெரிய கருவா இருந்தா?" ஒட்சிசன்-18க்கு இந்த விகிதம் 19இன் கீழ் 18 ஆகிவிடும், மேலதிகம் குறைவு. கடலோரத்தில் கட்டிப் போட்ட வள்ளத்தில் ஆள் பாய்ந்து ஏறினால் ஆடும். கப்பலில் ஏறினால் ஆடாது.

2.465 எழுதியவன் காத்தான்குடிப் பையனின் தம்பி முறை. இலத்திரன் பிழையைச் செய்தாலும் உந்தத் திருத்தத்தை ஒழுங்காகச் செய்திருந்தான். 1.644க்கு முழுப் பிழையும் 2.465க்கு அரைப் பிழையும் என்று நான் புள்ளி போட்டேன். சரியான விடைக்கு 1.644தான் கிட்டியது, 2.465 மிகத் தூரம். ஆனாலும் உந்தத்தை மறக்காதவனுக்கு அதிகப் புள்ளி. இதில் என்னோடு சண்டை பிடித்தார்கள். நான் மாற்றவில்லை.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றும் வெளியே வந்தது. போன வருடக் குழுவுக்கு, எல்லைச் சக்தியில் அடித்தால் நியூத்திரன் சும்மா நின்ற இடத்தில் விழும் என்று வாய்தவறிச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறிப்புக் கொப்பி கைமாறி வாழைச்சேனைப் பையனிடம் வந்திருந்தது. "சேர், உந்தம் போக இடம் வேணும் எண்டா நியூத்திரன் நிக்க ஏலாதே" என்றான். ஏலாதுதான். எல்லையில் நியூத்திரனும் பெரிலியமும் ஒரே வேகத்தில், புரோத்தன் வந்த வேகத்தின் எட்டிலொரு பங்கில், முன்னே போகும். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் 1.88ஐ 64ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 0.03 மெ.இ.வோ. எல்லையைச் சற்றே தாண்டினால் நியூத்திரன்கள் எல்லாப் பக்கமும் சிதறாமல் முன்பக்கக் கூம்பு ஒன்றுக்குள் மட்டும் வரும். புரோத்தனுக்கு 1.912 மெ.இ.வோ. கொடுத்தால் கூம்புக்குள் வரும் நியூத்திரன்களின் சக்திப் பரம்பல், வயதான நட்சத்திரங்களின் உள்ளே திரியும் நியூத்திரன்களுடையதைக் கிட்டத்தட்ட ஒத்திருக்கும். 1988இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். இரும்பைவிடப் பாரமான தனிமங்கள் நட்சத்திரத்தில் எப்படிச் சமைகின்றன என்பதை ஆய்வுகூடத்தில் பார்க்க இன்றும் இந்த இலிதியம் வழியைப் பயன்படுத்துகிறார்கள். பழைய கொப்பியில் அந்த வரியை வெட்டிவிட்டேன்.

ஒரு சின்ன இடைச்செருகல். இதே இலிதியத்தை இதே புரோத்தனால் 1932இல் கொக்குரொவ்ற்றும் வோல்ற்றனும் அடித்தது பாடத்தில் வருகிறது. அங்கே நியூத்திரன் வரவில்லை. இரண்டு அல்பாத் துணிக்கைகள் வந்தன, 17 மெ.இ.வோ.வுக்கு மேல் சக்தியும் வெளிவந்தது. வாசல் ஒன்று, வெளியேறும் வழி வேறு. அல்பா வழிக்கு எல்லைச் சக்தி இல்லை, நியூத்திரன் வழிக்கு இருக்கிறது.

பாலத்தில் ஒரு மாலை

மூன்றாம் வாரம் கேள்வி திரும்பியது. நியூத்திரனுக்கு ஏற்றம் இல்லை. காந்தம் வைத்து வளைக்க முடியாது. அப்ப அதன் சக்தியை எப்படி அளப்பது? ஓட விட்டு நேரம் பார்ப்பதுதான் பெரும்பாலான வழி. இதைப் பலகையில் சொல்வதைவிடச் செய்து பார்ப்போம் என்று பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனோம். 1924இல் திறந்த இரும்புப் பாலம், ஏறக்குறைய 300 மீற்றர் நீளம். பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு இதில் பெரிய வாகனம் இல்லை. தூண்டில் போடுபவர்களும் காற்று வாங்க வருபவர்களும்தான்.

இரண்டு சைக்கிள். ஒருவன் சீராக மிதிக்க வேண்டும், மற்றவன் அவனைவிடக் கொஞ்சம் வேகமாக. இருபது மீற்றர் தூரத்தில் கோடு போட்டு முதலில் அளந்தோம். ஆறு செக்கன், ஐந்தரைச் செக்கன். ஆனால் கையால் போனை அமத்துவதிலேயே கால் செக்கன் தவறிப் போகிறது. யார் வேகம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறை முடிவு தலைகீழாகவே வந்தது. பிறகு பாலத்தின் முழு நீளத்துக்கும் விட்டோம். வித்தியாசம் ஆறேழு செக்கன். கால் செக்கன் தவறு இப்போது யாருக்கும் பொருட்டில்லை.

தொடக்கத்தை எப்படி அறிவது என்பதுதான் பெரிய சிக்கல். 300 மீற்றருக்கு அப்பால் நின்று "விட்டாச்சு" என்று கத்தினால் காற்றில் கேட்கவில்லை. கேட்டாலும் ஒலி வந்து சேர ஏறக்குறைய ஒரு செக்கன். களுவாஞ்சிகுடிப் பிள்ளை போன் ரோர்ச்சை அடிக்கச் சொன்னாள். ஒளிக்கு நேரமே எடுக்காது. அவளுக்குத் தெரியாமலே உண்மையான பரிசோதனைகளில் செய்வதைத்தான் சொல்லியிருக்கிறாள். புரோத்தன் துடிப்பு இலக்கில் பட்டதும் காமாக் கதிரும் கிளம்பும். அது ஒளியின் வேகத்தில் முதலில் உணரியை அடையும். அந்தக் காமா மின்னல்தான் கடிகாரத்தின் பூச்சியத்தைச் சரி பார்க்க உதவுகிறது. பிறகு நியூத்திரன்கள் ஒன்றொன்றாக வரும், வேகமானது முன்னே, மெதுவானது பின்னே. உணரி என்பது பெரும்பாலும் துணிக்கை பட்டதும் கணநேரம் ஒளிரும் பிளாஸ்டிக் அல்லது திரவம். நியூத்திரன் அதிலிருக்கும் ஐதரசன் கருவை இடித்துத் தள்ள, தள்ளப்பட்ட புரோத்தன் ஒளியை எழுப்புகிறது.

எண்களை வீட்டில் போட்டுப் பார்த்தோம். 5 மெ.இ.வோ. நியூத்திரன் 10 மீற்றரைக் கடக்க ஏறக்குறைய 325 நனோசெக்கன். நேரத்தில் ஒரு நனோசெக்கன் தவறினால் சக்தியில் 0.03 மெ.இ.வோ. தவறும், பரவாயில்லை. 120 மெ.இ.வோ. நியூத்திரன் என்றால் கதை வேறு. 10 மீற்றரில் அதே ஒரு நனோசெக்கன் தவறு சக்தியில் 4 மெ.இ.வோ. ஆகிவிடும். கருவின் சக்தி மட்டங்கள் ஒன்றோடொன்று கலங்கிப் போகும். 100 மீற்றருக்குக் கொண்டுபோனால் அது 0.4 ஆகக் குறையும். சும்மா கிடைப்பதில்லை: தூரம் பத்து மடங்கானால் அதே உணரியில் விழும் நியூத்திரன்கள் நூறில் ஒன்று. நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் நாள்கணக்காகக் காத்திருக்க வேண்டும்.

காணாமல் போன நாற்பது

இவ்வளவு பாடுபட்டு எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். பாலத்துக் கைபிடியில் சாய்ந்துகொண்டுதான் இதைச் சொன்னேன்.

புரோத்தன் போய் நியூத்திரன் வரும் தாக்கத்தில், கருவுக்குள் இருந்த ஒரு நியூத்திரன் புரோத்தனாகிறது. பீற்றாச் சிதைவில் நடப்பதும் இதுவே. ஆனால் பீற்றாச் சிதைவு தனக்குக் கிடைக்கும் சக்திக்குள் எட்டுகிற மட்டங்களை மட்டுமே தொடும். வெளியிலிருந்து அடிக்கும்போது உயரத்தில் உள்ளவற்றையும் எட்டலாம். 1961இல் அமெரிக்காவின் லிவர்மோரில் ஜோன் அண்டர்சனும் கல்வின் வொங்கும் வனேடியம்-51இலிருந்து வந்த நியூத்திரன்களின் நேரத்தை அளந்தபோது, வரைபில் பரந்த மேட்டுக்கு நடுவே ஒரு கூரான முனை தெரிந்தது. நியூத்திரன் புரோத்தனாக மாறியும் மற்றெல்லாம் அசையாமல் பழைய கருவின் அச்சாகவே நின்ற மட்டம் அது. புரோத்தன் ஒன்று கூடியதால் மின் தள்ளுகை கூடுகிறது, அதற்குரிய சக்தி மட்டுந்தான் வித்தியாசம். பாரமான கருவில் அப்படியொரு ஒழுங்கு பிழைத்து நிற்கும் என்று அப்போது பலர் நினைக்கவில்லை.

இரண்டாவது வகை, மாறும்போது சுழற்சியும் புரளுவது. கமோவ்-ரெல்லர் மாற்றம் என்று பெயர். அது ஒரே பெரிய மேடாகத் திரளும் என்று 1963இல் இகெடா, ஃபுஜி, ஃபுஜிதா மூவரும் எதிர்வுகூறினார்கள். 1975இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிர்க்கோனியம்-90இல் அது தென்பட்டது. 1980 வாக்கில் இந்தியானாவின் சைக்கிளோத்திரனில் 100 மெ.இ.வோ.வுக்கு மேற்பட்ட புரோத்தனும் நீண்ட பறத்தல் பாதையும் சேர, கரு கருவாக அதை அளந்தார்கள்.

இங்கே கணக்கு ஒன்று இருக்கிறது. கூடுதலாக உள்ள நியூத்திரன்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் இந்த மாற்றத்தின் மொத்த வலிமை, அதாவது அது எவ்வளவு நடக்கக்கூடியது என்பதன் அளவு, இழிவாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரும். சிர்க்கோனியம்-90இல் 50 நியூத்திரன், 40 புரோத்தன். பத்துக்கு மூன்று, முப்பது. அளந்தால் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைத்தது. மற்றக் கருக்களிலும் அப்படித்தான்.

"இலத்திரனை எண்ண மறந்திருப்பினம்" என்றான் காத்தான்குடிப் பையன். எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி அதே சாயல்தான்: குறைந்த நாற்பது எந்த வழியாக நழுவியது? இரண்டு சந்தேகங்கள். ஒன்று, புரோத்தனுக்குள்ளேயே அதை ஆக்கும் குவாக் என்ற துணிக்கையின் சுழற்சி புரண்டு அது டெல்ற்றா என்ற பாரமான துணிக்கையாக மாறுவதால், வலிமையின் ஒரு பங்கு 300 மெ.இ.வோ. உயரத்துக்கு ஓடிவிட்டது. மற்றது, எங்கும் ஓடவில்லை, மேட்டுக்கு மேலே நீண்ட வாலாகப் பரவிப் பின்னணிக்குள் மறைந்து கிடக்கிறது. 1997இல் ஜப்பானின் ஒசாகாவில் 295 மெ.இ.வோ. புரோத்தனால் சிர்க்கோனியத்தை அடித்து, வாலை 50 மெ.இ.வோ. வரை பிரித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைத்தது. பெரும்பங்கு வாலில்தான் இருந்திருக்கிறது, டெல்ற்றாவுக்குப் போனது கொஞ்சம். ஆளுக்காள் பதினைந்து வருடம் வாதாடியதற்கு அளவீட்டால் விடை வந்தது எனக்குப் பிடித்த விஷயம். அந்த வாலுக்கு யாரும் பெரிதாகப் பெயர் வைக்காததும் பிடிக்கும்.

இருட்டியதும் தூண்டில்காரர்களுக்கு ரோர்ச் இடைஞ்சலாகிவிட்டது. ஒருவர் "தம்பி, மீன் கிட்ட வராது" என்றார். எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டு வேலையாக ஒட்சிசன்-18இன் எல்லைச் சக்தியைக் கொடுத்திருந்தேன், இந்த முறை புரோத்தனின் இரண்டு திணிவையும் எழுதி. நால்வரின் விடை 2.575. கரண்ட் போனதென்று வெறுந்தாள் தந்த ஆரையம்பதிப் பிள்ளை இந்த முறை 3.114 என்று கொண்டுவந்தாள். களுவாஞ்சிகுடிப் பிள்ளை தாளைத் திறக்கவே இல்லை. கழித்தாள், 0.539. அதைப் பதினெட்டால் பெருக்கிப் பத்தொன்பதால் வகுத்தாள். 0.511.

"இலத்திரன்" என்று தாளை அவளிடமே தள்ளிவிட்டாள்.